நிபுணர் கருத்து

ஆய்வேடுகளில் ‘நிபுணர்களின் கருத்தை ஒட்டி’ என்று ஒரு வரி வரும். எத்தியோப்பியாவில் நான் பாடம் நடத்திய காலத்தில் என் கையெழுத்தோடு வெளியே போன ஆய்வேடுகள் பலவற்றில் அந்த வரி இருக்கிறது. அந்த நிபுணர்கள் வேறு யாரும் இல்லை, நான் ஒருவன்தான். வரவேண்டிய விடைக்குத் தோதாக நான் போட்டுக்கொடுத்த எண்களுக்குத்தான் கருத்து என்று பெயர். பதவியில் இருந்தவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, போவதற்கு ஒன்றுமில்லை என்ற தெம்பில் சொல்கிறேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2000க்குப் பிறகு அந்த நாட்டில் புதிது புதிதாகப் பல்கலைக்கழகங்கள் திறந்தார்கள். ஆள் பற்றவில்லை. இந்தியாவிலிருந்து நிறையப் பேர் போனோம், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் கணிசம். இங்கே சுயநிதிக் கல்லூரியில் வாங்கிய சம்பளத்தை நினைத்தால் அங்கே கொடுத்தது பெரிய தொகை. நான் இருந்தது வடமேற்கில், நீல நைல் புறப்படும் தானா ஏரிப் பக்கம். எம்எஸ்சி மாணவர்களுக்கு கைடாக இருப்பது என் வேலையில் பாதி. அவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுத்த தலைப்பு ஒன்றேதான்: இன்ன ஆற்றின் நீர்ப்பிடிப்பில் வாய்க்கால் பாசனத்துக்கு ஏற்ற நிலம் எவ்வளவு, அதற்குத் தண்ணீர் உண்டா. ஆற்றின் பெயர் மட்டும் மாறும். எத்தியோப்பியாவில் பாசனத்துக்கு வாய்ப்புள்ள நிலம் 37 லட்சம் ஹெக்டேர் என்று ஒரு கணக்கு உண்டு. முதல் பக்கத்திலேயே அது வந்துவிடும். அவ்வளவு நிலம் கிடக்கிறது, பாதிக்கு மேல் இன்னும் பாசனம் பார்க்கவில்லை, ஆகவே இந்த ஆய்வு அவசியம் என்று முன்னுரை எழுதிவிடலாம்.

முறையைக் கேட்டால் ஒழுங்காகத்தான் இருக்கும். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1976-இல் நில மதிப்பீட்டுக்கு ஒரு சட்டகம் கொடுத்தது. 1985-இல் பாசன நிலத்துக்கென்றே தனி வழிகாட்டி வந்தது. நிலத்தை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று தரம் பிரிக்கவேண்டும், தேறாதது ‘என்’. நாங்கள் வைத்திருந்த அட்டவணையில் சரிவு நூற்றுக்கு இரண்டுக்குள் என்றால் எஸ்1, ஐந்து வரை எஸ்2, எட்டு வரை எஸ்3, அதற்கு மேல் ஆகாது. மண் கண்டம், மண்ணின் தன்மை, வடிகால், இப்போது நிலத்தில் என்ன இருக்கிறது, ஆறு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்று சொல்லிவிட்டால் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் படம் வந்து விழும். அதற்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய் அது, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடும். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்கள் என்று செய்தி படித்துவிட்டு எங்கள் ஊரில் யாரும் நாற்றங்காலுக்கு உழ ஓடமாட்டார்கள். தலைமடைக்காரன் பாய்ச்சி, அவன் வடித்துவிட்டு, முறை சுற்றி, அதற்குப் பிறகுதான் எங்கள் மதகு. வந்த தண்ணீரும் வயலில் ஏறுமா என்பதை நாலு விரற்கடை மேடு தீர்மானிக்கும். அதற்காக என் தகப்பனார் பரம்படித்த வயலையே திரும்பப் பரம்படிப்பார். ஆக, சராசரித் தண்ணீர் என்று ஒன்று வாய்க்காலில் வருவதில்லை, நாலு விரல் உயரம் ஒரு வயலைப் பட்டினி போட்டுவிடும் என்பதெல்லாம் பட்டம் வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன். தெரியாமல் விட்டிருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இல்லை.

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் சரிவுப் படம் விண்ணிலிருந்து எடுத்த தரவில் பிறந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் பூமியின் பெரும்பகுதியை அளந்துவிட்டு வந்தது. நாங்கள் பயன்படுத்திய தரவில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் உயரம், அதுவும் முழு மீட்டரில். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரு மீட்டர் வித்தியாசப்பட்டால் அங்கே சரிவு நூற்றுக்கு மூன்றுக்கு மேல். வித்தியாசமே இல்லையென்றால் பூஜ்யம். வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் ஒழுங்காக நகர ஆயிரத்துக்கு இரண்டு மூன்று சரிவு போதும், அதாவது 30 மீட்டரில் ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர். அந்தத் தரவின் கண்ணில் படாத உயரம் அது. மென்பொருள் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைக் கலந்து கணக்குப் போடுவதால் படம் வழவழவென்று இருக்கும், பார்த்தால் நம்பத் தோன்றும். ரேடார் மரத்தலைகளையும் பாதி தரை என்றே எடுத்துக்கொள்ளும் என்பது தனிக் கதை. அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் யூகலிப்டஸ் தோப்பு. சமவெளியில் நின்ற ஒரு தோப்பு எங்கள் படத்தில் குன்றாக எழுந்து, அதன் ஓரமெல்லாம் ‘ஆகாத நிலம்’ என்று சிவந்து கிடந்தது. பார்த்தேன். “ஃபில்டர் போட்டுவிடுங்கள்” என்றேன்.

மண் வரைபடம் இதைவிட மோசம். 1:2,50,000 அளவில் வரைந்தது, அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் கால் கிலோமீட்டர். அதை 30 மீட்டர் கட்டங்களாக நறுக்கி அடுக்கினோம். நறுக்கினால் துல்லியம் கூடிவிடாது என்று முதலாண்டு மாணவனுக்கு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

வெயிட்டேஜுக்கு வருகிறேன். தாமஸ் சாட்டி என்ற அறிஞர் 1970களில் உருவாக்கிய முறை அது. இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். சரிவு முக்கியமா மண் முக்கியமா, எத்தனை மடங்கு, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் சொல். சரிவு மண்ணைவிட மூன்று மடங்கு, மண் தூரத்தைவிட இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டு, சரிவும் தூரமும் சமம் என்றால் சொல்பவர் தமக்குத் தாமே முரண்படுகிறார். அந்த முரணை அளக்க ஒரு விகிதம் இருக்கிறது. அது 0.1க்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இதற்கு மண் தெரிந்தவர், பாசனம் தெரிந்தவர், அந்த ஊரில் உழுபவர் எனப் பலரை உட்காரவைத்துக் கேட்கவேண்டும். யாரையும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் மாணவர் எக்ஸெலைத் திறப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைச் சொல்வேன். விகிதம் 0.17 என்று காட்டும். “சரி, அந்த அஞ்சை மூணாக்குங்கள்.” 0.13. “தூரத்துக்கு ரெண்டு போடுங்கள்.” 0.08. போதும். சரிவுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அந்த ஒரு நிமிடத்தில் மாறிவிட்டது, நிலத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த விகிதம் நான் எனக்குள் முரண்படாமல் பேசுகிறேனா என்று மட்டும்தான் பார்க்கும். கோர்வையாகப் பொய் சொல்பவனுக்கு அதில் முழு மதிப்பெண்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. படம் வந்தபின் பச்சை குறைவாக இருந்தால் திரும்பவும் எண்ணில் கை வைத்தேன். ‘பொருத்தமான நிலம் மிகக் கொஞ்சம்’ என்ற முடிவோடு வரும் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் குடைவார்கள், ‘ஏராளம்’ என்று வந்தால் கைகுலுக்குவார்கள். சமவெளி நிறைய உள்ள நீர்ப்பிடிப்பில் சரிவின் வெயிட்டேஜை ஏற்றினால் பச்சை பரவும். ஏற்றினேன்.

கூட்டிப் பார்க்கும் இந்த வழியிலேயே ஒரு கோளாறு உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். தட்டையான நிலம், ஆற்றுக்குப் பக்கம், வடிகால் நன்று. எல்லாவற்றிலும் நல்ல மார்க். மண் மட்டும் ஒரு சாண், கீழே கருங்கல் பாறை. கூட்டிப் பார்த்தால் எஸ்2 வந்துவிடும். எது மிக மோசமோ அதை வைத்தே தரம் சொல்லலாம் என்று அந்த வழிகாட்டி நூல்களே ஒரு வழி காட்டுகின்றன. அப்படிச் செய்தால் பச்சை பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனேன். அப்படி எஸ்2 வாங்கிய ஓர் இடத்தில் பின்னால் போய் நின்றிருக்கிறேன். ஆட்டுக்குட்டிகள் பாறையில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

தண்ணீர்க் கணக்கைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்றும் கூச்சம். குமாரா என்று ஓர் ஆறு. குணா மலையில் பிறந்து மேற்கே ஓடி தானா ஏரியில் விழுகிறது. ஆற்று அளவீட்டு நிலையத்துக்கு மேலே மட்டும் ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர்கள் கிரெம்ட் என்று சொல்லும் பெருமழை. ஆகஸ்டில் ஆறு கரை புரண்டு சமவெளியில் ஏறும். மார்ச், ஏப்ரலில் முழங்காலளவு இருந்தால் அதிகம். பாசனம் தேவைப்படுவது அந்த மாதங்களில்தான். மாணவர் ஆண்டு சராசரி ஓட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார், நான் திருத்தவில்லை.

கணக்கு சின்னதுதான். வெயில் காலப் பயிருக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், வாய்க்காலிலும் வயலிலும் பாதி வீணாகிறது என்று வைத்தால் எடுக்கவேண்டியது பத்து மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேருக்கு நாளைக்கு 100 கனமீட்டர். நொடிக்கு ஒரு கனமீட்டர் ஓடும் ஆறு, ஒரு சொட்டு கீழே விடாமல் எடுத்தாலும், 860 ஹெக்டேருக்குத்தான் பற்றும். எங்கள் படத்தில் பச்சை அதைப்போலப் பல மடங்கு. ஒரு வரி வகுத்தலில் வெளிப்பட்டுவிடும் இந்த இடைவெளியை மறைக்க நான் கண்டுபிடித்த உபாயம், நிலத்துக்கு ஓர் அத்தியாயம், தண்ணீருக்கு வேறோர் அத்தியாயம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்க விடவில்லை. முடிவுரையில் பெரிய எண் போய் உட்கார்ந்துகொண்டது, சிறிய எண் பரிந்துரைகளில் ‘நீர் சேமிப்பு அமைப்புகள் குறித்து மேலும் ஆய்வு தேவை’ என்று பெயர் மாற்றிக்கொண்டு போயிற்று. ஆற்றோரம் வெங்காயமும் தக்காளியும் போட்டிருந்தவர்கள் அப்போதே டீசல் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இறைக்க இறைக்கக் கீழே இருந்தவனுக்கு ஆறு வற்றியது. அந்த மோட்டார்கள் எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. கடைமடையில் பிறந்தவன் கடைமடையே இல்லாத ஒரு பாசனப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இவையெல்லாம் தொழில் சார்ந்த குற்றங்கள், இவற்றுக்குத் துணை ஏராளம். எனக்கென்று தனியாக உள்ளது ஒன்று.

அந்தச் சமவெளிக்கு ஃபோகேரா என்று பெயர், தானா ஏரியின் கிழக்குக் கரை. கருங்களிமண். கோடையில் கை நுழையும்படி வெடிக்கும், மழையில் தண்ணீர் மேலேயே நிற்கும், நம் கரிசல்தான். எங்கள் அட்டவணையில் ‘வடிகால் மிக மோசம்’ என்ற பெட்டிக்கு நேரே ‘என்’. ஆகவே சமவெளியின் தாழ்ந்த பகுதி முழுக்கச் சிவப்பு. அந்த ஆய்வேட்டை எழுதிய மாணவர் அதே சமவெளியைச் சேர்ந்தவர். ஒருநாள் படத்தைத் திரையில் வைத்துவிட்டு, ஒரு மூலையைக் காட்டி, “டாக்டர், இது எங்கள் அப்பாவின் நிலம்” என்றார். சிவப்பாக இருந்தது. “இங்கே நாங்கள் நெல் போடுகிறோம். நல்ல விளைச்சல்” என்றார்.

அவர் சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. ஃபோகேராவுக்கு நெல் வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன, வடகொரியாவிலிருந்து வந்தவர்கள் அறிமுகப்படுத்தியது என்று அங்கே சொல்வார்கள். அந்த நாட்டுத் தானியமான டெஃப் தாங்காத தேங்கலில் நெல் நின்றது. இன்று எத்தியோப்பியாவின் நெல் என்றால் முதலில் சொல்லும் பெயர் ஃபோகேராதான். வடிகால் இல்லாதது நெல்லுக்குக் குறை என்று ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் யார் சொன்னாலும் சிரிப்பான். எந்தப் பயிருக்குப் பொருத்தம் என்று கேட்காமல் நிலத்தைப் பொதுவாகப் பொருத்தம், பொருத்தமில்லை என்று சொல்வதே தப்பு. அதை அந்த மாணவர் தம் வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்கள் அப்பாவை மேற்கோள் பட்டியலில் எப்படிப் போடுவீர்கள்? எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம்?”

ஆய்வகத்தில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கைடு ஜோக் அடித்தால் சிரிக்கத்தானே வேண்டும். படம் அப்படியே இருந்தது.

பிறகு ‘கள ஆய்வு’ என்று ஒன்று செய்தோம். பஹிர் தாரிலிருந்து கோண்டர் போகும் தார்ச்சாலையில் மினிபஸ்ஸில் போய், நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி ஜிபிஎஸ்ஸில் புள்ளி எடுப்பது. புள்ளிகள் அத்தனையும் சாலையோரம். படத்தோடு ஒத்துவராத புள்ளிகளை ‘கருவிப் பிழை’ என்று கழித்துவிட்டோம். மண் குழி ஒன்றுகூட வெட்டவில்லை. மண்வெட்டி வாடகைக்குக் கிடைக்காத ஊர் அது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் பயணத்தில் மாணவரின் வீட்டுக்கும் போனோம். கிரெம்ட் பாதி கடந்திருந்தது. கணுக்கால் தண்ணீரில் நெல் நின்றது. அங்கே நாற்று நடுவது அரிது, கைவிதைப்புதான், அதனால் பயிர் கொத்துக் கொத்தாகவும் இடைவெளி விட்டும் இருந்தது. அவருடைய தகப்பனார் தம் நிலத்தை திமாத் கணக்கில் சொன்னார். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழும் அளவு, சுமார் கால் ஹெக்டேர். எங்கள் கட்டங்களில் மூன்றுகூட வராது. அந்தக் கால் ஹெக்டேருக்குள் எந்த மூலையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த மூலை கடைசியில் வடியும் என்று கை நீட்டிக் காட்டினார். நெல் முற்றும்போது ஈரம் காய்வதற்குள் அதன் ஊடேயே குவாயா விதைத்துவிடுவார்களாம், நம் கேசரிப் பருப்பு. எங்கள் ஊரில் அறுவடைக்கு முன்னே சம்பா வயலில் உளுந்து தெளிப்பதும் இதே சூத்திரம். ஒரு சொட்டுப் பாசனம் இல்லாமல் இரண்டாவது போகம். பக்கத்திலேயே ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் வெளி. ஃபோகேரா மாடு என்று பேர்போன பால்மாட்டு இனம் மேய்ந்து வளர்ந்த ஈரப் புல்வெளி. எங்கள் நிலப்பயன்பாட்டு அட்டவணையில் புல்வெளிக்கு நல்ல மார்க், ‘எளிதில் பாசன நிலமாக மாற்றலாம்’. அதன் மேட்டுப் பகுதி படத்தில் பச்சையாகவே இருந்தது. நெல் விளையும் இடம் ஆகாத நிலம், மாடு மேயும் இடம் காலி நிலம். அங்கே நின்றுகொண்டு இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. காபி கொடுத்தார்கள், மூன்று சுற்று, குடித்துவிட்டு வந்தோம். படத்தில் தம் நிலம் என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபின் திருத்தியிருக்கலாம். தேர்வுத் தேதி நெருங்கிவிட்டது, திருத்தினால் மூன்று அத்தியாயங்களை மாற்றவேண்டும், என் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு அந்த ஆண்டு முடித்த மாணவர் எண்ணிக்கை வேண்டியிருந்தது. மூன்றும் உண்மை. கடைசிக் காரணம்தான் கனமானது.

என் படத்தைப் பார்த்து யாரும் கால்வாய் வெட்டிவிடவில்லை. கால்வாய் வெட்டுகிறவர்கள் லெவல் மெஷினோடு வருவார்கள், ஆய்வேடுகளைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த அளவில் சேதம் இல்லை என்று கொஞ்ச நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த மாணவர் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், அவருக்குக் கீழே மாணவர்கள் இருக்கிறார்கள். அப்பா சொன்னதை அட்டவணைக்காக விட்டுக்கொடுப்பது எப்படி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஆய்வேட்டிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்னும் உலவுகிறது. அதிலுள்ள வெயிட்டேஜ் எண்களை அப்படியே எடுத்து, ‘முந்தைய ஆய்வுகளின்படி’ என்று போட்டு, வேறு ஆறுகளுக்கு, வேறு மண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். “அஞ்சை மூணாக்குங்கள்” என்று நான் சொன்னதற்கு இப்போது மேற்கோள் காட்டும் தகுதி வந்துவிட்டது.

போன வருடம் ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்புரைக்கு ஒரு கட்டுரை வந்தது. இன்னொரு நாடு, இன்னொரு நீர்ப்பிடிப்பு, எங்கள் எண்கள். வெயிட்டேஜுக்கு ஆதாரமாக எங்கள் கட்டுரையையே காட்டியிருந்தார்கள். கண்டிப்பாகத்தான் எழுதினேன். மண் குழிகள் எங்கே வெட்டினீர்கள்? வறண்ட மாதத்தில் ஐந்தில் நாலு வருடமாவது கிடைக்கும் என்று நம்பக்கூடிய ஓட்டம் எவ்வளவு? அதைத் தேவையால் வகுத்தால் எத்தனை ஹெக்டேர்? ஆற்றில் ஏற்கெனவே இறைப்பவர்கள் யார்? எந்தப் பயிருக்கு? இந்த வெயிட்டேஜ்கள் உங்கள் நிலத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று விளக்காமல் இதை வெளியிடக்கூடாது என்றும் எழுதினேன். மதிப்புரை எழுதுபவரின் பெயர் கட்டுரையாளர்களுக்குத் தெரியாது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்பதை மட்டும் எழுதாமல் அனுப்பிவிட்டேன்.